நாற்பதாவது கை

அனந்தராமனுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் அவர். கல்லூரியில் ரசாயன விரிவுரையாளர். வயது முப்பத்திரண்டு. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடித்தனம். பரீட்சைக்கு அவர் கேள்வித்தாள் தயார் செய்கிறார் என்று தெரிந்தாலே பையன்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் 1944-ஆம் வருஷத்தில் நாற்பது பெண்களிடம் ஆறு வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். அது தப்பான கேள்வி. அது தப்பு என்று தெரிந்த அன்று அவருக்கு உட்கார இடம் தெரியவில்லை.

யுத்த காலம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ராஜகோபாலனின் சவுக்காரக் கம்பெனிக்குப் பட்டாளத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சோப்புக்கு ஆர்டர். தேங்காய் எண்ணெய் கண்ணில் படவில்லை. பட்டாலும் விலை கேட்டு வாங்க முடியவில்லை. அதனால் எண்ணெயைக் குறைத்து, காஸ்டிக் சோடாவைத் தாராளமாக விட்டார்கள். சவுக்காரம் என்னவோ கட்டியாகத்தான் வந்தது. ஈரம் காய்வதற்கு முன்பே அதை அச்சிலிருந்து பிரித்து, கம்பியால் அறுத்து, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கிய பெண்களின் கைகள்தான் முழங்கை வரை சிவந்துபோயின.

இது எப்படியோ பட்டாளத்துக்குச் சாமான் வாங்கும் ஆபீஸின் காதுக்கு எட்டிவிட்டது. தொழிலாளர் கைக்கு இந்தச் சவுக்காரத்தால் கெடுதல் இல்லை என்று விஞ்ஞானம் படித்தவர் ஒருவர் எழுதித் தந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று கடிதம் வந்தது. ராஜகோபாலன் தியாகராய நகரில் பங்களா கட்டியவர். விஷயம் தெரிந்தவர். விசாரித்துப் பார்த்து அனந்தராமனைப் பிடித்தார்.

பிடித்த ஆள் சரியான ஆள்தான். அனந்தராமனுக்கு அப்போது சிட்ரிக் ஆசிட் பைத்தியம். கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கு யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. அதனால் மயிலாப்பூர் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழத்தைக் கூடை கூடையாக வாங்கி, கல்லூரி லாபரட்டரியில் பிழிந்து, காய்ச்சி, வடிகட்டி, வெள்ளை வெளேரென்று உப்பு எடுத்துவிட்டார். வீட்டில் அதற்கு எலுமிச்சம் உப்பு என்று பெயர். எடுத்தாயிற்று, இனி எதற்காவது உபயோகப்படுத்த வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு ராஜகோபாலனின் அழைப்பு தேன் மாதிரி இனித்தது. காரம் பட்டுத் தோல் சிவக்கிறது. அமிலம் காரத்தை முறிக்கும். ஆகவே எலுமிச்சம் உப்புக் கரைத்த தண்ணீரில் கையை அமிழ்த்தினால் சிவப்பு போய்விட வேண்டும். இதைவிட நேரான காரியம் உலகத்தில் உண்டா?

போய்த்தான் விட்டது! அதுதான் வினை.

வாரத்தில் மூன்று நாள், கல்லூரி விட்டதும் டிராமைப் பிடித்து வந்துவிடுவார். சவுக்காரம் அறுக்கும் அறுவைக் கூடத்தின் ஓரத்தில் ஒரு மேஜை, அதன் மேல் வெள்ளைப் பீங்கான் தொட்டி, தொட்டியில் எலுமிச்சம் உப்புத் தண்ணீர். பெண்கள் வரிசையாக வருவார்கள். முதலில் வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு நீட்டுவார்கள். அவர் சிவப்பைக் கண்ணால் பார்த்து பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்புப் போட்டு நோட்டில் எழுதுவார். பிறகு கை தொட்டிக்குள் போகும். அவர் அறுபது எண்ணுவார். வெளியே எடுத்ததும் மேஸ்திரி பொன்னுரங்கம் தன் தோளில் கிடக்கும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டால் துடைத்துவிடுவான். "சிவப்பு போச்சா?" என்று அனந்தராமன் கேட்பார். "போச்சு சார்" என்பாள் அவள். அவரும் பார்ப்பார். போயிருக்கும். சந்தேகமே இல்லாமல், கண் முன்னால், மந்திரம் போட்டது போலப் போயிருக்கும்.

பதினேழாம் நம்பர் ஜானகிதான் அவருடைய செல்லம். கோமளீசுவரன்பேட்டையிலிருந்து வருகிறவள், கட்டுமஸ்தான தேகம், அதிகம் பேச மாட்டாள். எல்லாரையும்விட அவள் கைதான் அதிகம் சிவந்திருக்கும்; தொட்டியிலிருந்து எடுத்தால் துளிச் சிவப்பு மிச்சமிருக்காது. நான்கிலிருந்து பூஜ்யம்! "பாருங்கோ, எல்லாரும் ஜானகி கையைப் பாருங்கோ!" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்வார். ஜானகி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொள்வார்.

நாற்பதில் முப்பத்தொன்பது பேர் இப்படி. நாற்பதாவது ஆள் மர்சலின்.

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தாள். புருஷன் மரியதாஸ் பட்டாளத்தோடு பர்மா பக்கம் போனவன். எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. ஏழு வயதில் நோரா என்று ஒரு பெண். புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கிறான் என்ற கணக்கில்தான் பொன்னுரங்கம் அவளை வேலைக்கே சேர்த்திருந்தான். அச்சு பிரிக்கும் இடத்தில் தாலி அறுத்தவள் நின்றால் சவுக்காரம் வெடித்துப்போகும் என்பது அவனுடைய சாஸ்திரம். மர்சலின் கை தொட்டிக்குள் போகும்போது எப்படிச் சிவந்திருந்ததோ அப்படியே வெளியே வரும். "சிவப்பு போச்சா?" என்றால், "போவலை சார். இன்னும் எரியுது" என்பாள். முதல் பகுதியை மட்டும் அனந்தராமன் நோட்டில் எழுதிக்கொள்வார்.

"வேஷம் போடுது சார் அது. வேலை செய்யாம உக்காந்து துன்னணும்னு பாக்குது" என்று பொன்னுரங்கம் காதைக் கடிப்பான்.

ஒருநாள் காலை காமாக்ஷி அவருடைய சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் அனந்தராமனின் மனைவி. அவருடைய விஞ்ஞானத்துக்குக் கொஞ்சமும் பயப்படாதவள்.

"ஏன்னா, இது என்ன, சட்டைக் கை ஓரமெல்லாம் மஞ்சளா இருக்கு? எந்தப் பொம்மனாட்டி பூசிண்ட மஞ்சளோ தெரியலையே!"

அனந்தராமனுக்குக் காது நுனி வரை சூடேறிவிட்டது. "அசட்டுப் பிசட்டுனு பேசாதே. ஃபாக்டரில நாப்பது பேர் கையைப் பிடிச்சுப் பாக்கறேன். எங்கேயாவது பட்டிருக்கும்."

"நாப்பது பேரா! அப்போ பயமில்லை. ஒருத்தின்னாத்தான் பயம்" என்று சிரித்துக்கொண்டே சட்டையை வாளியில் போட்டாள். அவர் பேச்சை மாற்றிக் காப்பி கேட்டார். அந்தக் கறையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் அறிக்கை எழுதினார். இங்கிலீஷில், அழகான கையெழுத்தில், பதினோரு பக்கம். எலுமிச்சம் உப்புத் தண்ணீர் சவுக்காரச் சிவப்பை ஒரு நிமிஷத்தில் போக்குகிறது. ஆகவே தொழிலாளர் கைக்கு நிரந்தரக் கெடுதல் ஏதும் இல்லை. கடைசிப் பக்கத்தில், சாஸ்திரத்துக்கு விரோதமில்லாமல் இருக்கட்டும் என்று, ஒரு வரி சேர்த்தார்: நாற்பதில் ஒருத்திக்கு மட்டும் பலன் தெரியவில்லை, அவளுக்கு வேறு ஏதாவது தோல் நோய் இருக்கக்கூடும். எழுதிவிட்டு, இதை எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பலாம், டாக்டர் பட்டத்துக்கு இது போதுமா என்றெல்லாம் கனவு கண்டுகொண்டு தூங்கினார்.

நான்காம் நாள், வியாழக்கிழமை காலை, வாசலில் ஒரு குரல். மர்சலின் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருந்தாள்.

"சார், நீங்க எழுதின காகிதத்துல எனக்கு இன்னா நோவுன்னு போட்டீங்க சார்?"

அனந்தராமன் திகைத்தார். "உனக்கா? நோய்னு ஒண்ணும் திட்டமா எழுதலையே."

"முதலாளி அதைப் படிச்சு மேஸ்திரிக்கு அர்த்தம் சொன்னாராம். வேற தோல் நோவு இருக்குதுன்னு. மேஸ்திரி வெளியில வந்து பெருநோவுன்னு சொல்லிட்டாரு சார்."

"பெருநோயா! குஷ்டமா!"

அவர் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது. மர்சலின் அழவில்லை. சாமான் பட்டியல் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். கம்பெனியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. தண்ணீர் குடிக்கத் தனிக் குவளை. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நோராவைத் தனி மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். சனிக்கிழமையோடு வேலையும் இல்லை.

"நான் 'இருக்கக்கூடும்'னுதானே எழுதினேன்" என்றார் அனந்தராமன். இங்கிலீஷ் இலக்கணத்தில் அது ரொம்பப் பத்திரமான வார்த்தை.

"அந்த வரியை எடுத்துடுங்க சார். கும்பிடறேன்."

கும்பிடுவதற்காகக் கையை வெளியே எடுத்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த காமாக்ஷி, "ஐயோ!" என்றாள்.

அனந்தராமன் கெட்ட மனிதர் இல்லை. மனசு கஷ்டப்பட்டது. ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படி எழுதுவது? அவர் பெருமைப்பட்டுக்கொண்டதே அந்த ஒரு குணத்துக்காகத்தான். ரொம்ப யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "இதோ பார். சனிக்கிழமை இன்னொரு தரம் பரீட்சை பண்றேன். முதலாளி முன்னாலேயே பண்றேன். சிவப்பு போச்சுன்னா அந்த வரியை அங்கேயே அடிச்சுடறேன். இது என் வாக்கு."

"சிவப்பு போவணும். அவ்ளோதானே சார்?"

"அவ்வளவுதான்."

மர்சலின் தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலைப்பால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்தக் கையைப் பாத்தேளா?" என்றாள் காமாக்ஷி. குரலில் வழக்கமான கேலி இல்லை. "அது நோயே இல்லைன்னா. வெந்து போயிருக்கு. எப்படி எரியும் தெரியுமா?"

"எரிச்சலை அளக்கறதுக்கு விஞ்ஞானத்துல அளவுகோல் கிடையாது, காமாக்ஷி. சிவப்பைத்தான் அளக்க முடியும்."

காமாக்ஷி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை.

சனிக்கிழமை ராஜகோபாலன், பெட்ரோல் பஞ்சத்தால் கரி வாயுவில் ஓடும் தன் காரில் புகையைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். அறிக்கை திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அறுவைக் கூடத்தில் வேலை நின்றது. பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். மர்சலின் மட்டும் தனியாக மேஜைக்கு முன்னால் வந்தாள். கையை அலசிவிட்டு நீட்டினாள்.

இதுவரை அவள் கை இப்படிச் சிவந்து அனந்தராமன் பார்த்ததில்லை. முழங்கை வரை ரத்த நிறம். மதிப்பு நான்கு என்று எழுதும்போது, இவள் கதை முடிந்தது என்று அவரே நினைத்தார்.

"இறக்கு" என்றார்.

கைகள் தொட்டிக்குள் போயின. அவர் எண்ணத் தொடங்கினார். மர்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஜெபம் சொல்கிறாள் என்று தெரிந்தது. நாற்பதாவது எண்ணில் அவள் முழங்கால் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. அறுபது. கைகளை வெளியே எடுத்தாள்.

சிவப்பு இல்லை! கொஞ்சம்கூட இல்லை!

"போச்சா?" என்றார் அனந்தராமன், மூச்சு முட்ட.

"போச்சு சார்."

"போயே போச்சு!" என்று ராஜகோபாலன் தொடையில் தட்டினார். "நாற்பதுக்கு நாற்பது! நான்தான் சொன்னேனே சார்."

அனந்தராமனுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. விஞ்ஞானம் ஜெயித்தது, ஏழைப் பெண்ணும் பிழைத்தாள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "பொன்னுரங்கம், துடைச்சு விடு" என்றார். பொன்னுரங்கம் தோளில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். பெருநோய்க்காரி என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன்தானே. அந்தத் துண்டு அவள் மேல் படுவதாவது?

அனந்தராமனுக்குக் கோபம் வந்தது. தன் சட்டைப் பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை உதறி எடுத்தார். அவரே அவள் கையைத் துடைத்தார். மர்சலினின் உடம்பு முழுவதும் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சத்தமே இல்லாமல் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு கைக்குட்டையைப் பக்கத்து அறுவைப் பலகையின் மேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பலகையில் சவுக்கார ஈரம் இருந்தது.

அந்த வரியை அடிப்பதற்காகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டியவர் கண்ணோரத்தில் ஏதோ தட்டுப்பட்டுத் திரும்பினார்.

கைக்குட்டை மஞ்சளாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சளின் ஓரத்தில் சிவப்பு பிடித்தது. பிடித்துப் பரவியது. ஒரு நிமிஷத்தில் கைக்குட்டையில் பாதி ரத்தம் தோய்ந்தது போல ஆகிவிட்டது.

அனந்தராமன் பேனாவைக் கீழே போட்டார். கைக்குட்டையை எடுத்து ஒரு நுனியைத் தொட்டித் தண்ணீரில் தோய்த்தார். மஞ்சளாயிற்று. பலகையில் தேய்த்தார். சிவந்தது. தொட்டியில் தோய்த்தார். மஞ்சள்.

"என்ன சார், வித்தை காட்டறீங்க?" என்றார் ராஜகோபாலன்.

அனந்தராமனின் காதில் அது விழவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் பையன்களுக்கு மஞ்சள் தடவிய காகிதத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து, காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று பாடம் எடுப்பவர் அவர். ஒன்பது வருஷமாக எடுக்கிறார். பொன்னுரங்கத்தின் சிவப்புத் துண்டில்தான் கறை தெரியவில்லை, சட்டையில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது என்று பெண்டாட்டி காட்டினாளே! வெட்கப்பட்டுக்கொண்டு காப்பி கேட்டாரே! மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"மர்சலின், மஞ்சள் பூசிண்டு வந்தியா?"

மர்சலின் ஜானகியைப் பார்த்தாள். சுவரோரத்திலிருந்து ஜானகி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் அரைச்சிக் குடுத்தேன். அவுங்க ஊட்ல மஞ்சா கொழம்புக்குத்தான், பூசுற வழக்கம் கெடயாது. பூசிக்கினு வந்தா செவப்பு போயிடும், வேலை போவாதுன்னு சொன்னேன். தப்புன்னா என்னைச் சொல்லுங்க."

"நீங்க எல்லாரும்?"

"எங்க கையில அது எப்பவும் கீது சார். குளிக்கும்போது பூசறது பத்தாதுன்னு, புண்ணு மேல அப்பிக்கினு வருவோம். அதானே மருந்து."

"புண்ணா?" என்றார் அனந்தராமன். "என்ன புண்?"

ஜானகி சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஈரத்துணி ஒன்றை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையிலிருந்து விரல் வரை அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் பற்று உரிந்து வந்தது. அடியில் தோல் என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. விரல் சந்துகளில் வெடிப்பு. மணிக்கட்டைச் சுற்றி வெந்த சதை. அதைத்தான் அவர் நாற்பது பேர் முன்னிலையில் தூக்கிப் பிடித்துப் பாராட்டியிருக்கிறார். எந்தக் கை அதிகம் வெந்ததோ அந்தக் கையில் அதிகம் மஞ்சள். எங்கே அதிகம் மஞ்சளோ அங்கே அதிகம் சிவப்பு. நான்கிலிருந்து பூஜ்யம்.

"இந்தக் கையையா," என்று தொடங்கினார். ஜானகியின் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி தொடங்கினார். "இந்தக் கையையா ஆறு வாரமா நான் எலுமிச்சம் உப்பில முக்கச் சொன்னேன்? எரியலையா?"

ஆறு வாரத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரோரத்தில் யாரோ ஒருத்தி லேசாகச் சிரித்தாள்.

"எரியாம இன்னா சார்?" என்றாள் ஜானகி. "உசிர் போவும்."

"ஏன் சொல்லலை? ஒருத்தராவது ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே சார். சிவப்பு போச்சான்னு கேட்டீங்க. போச்சு. போச்சுன்னு சொன்னோம். இவ ஒருத்திதான் எரியுதுன்னு வாயைத் தொறந்தா. அவளுக்கு இன்னா ஆச்சுன்னு பாத்துக்கினுதானே இருந்தோம்."

"மஞ்சளாலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இப்போது ஜானகிதான் திகைத்தாள். "இது தெரியாத பொம்பளை உண்டா சார்? ஆரத்தி கரைக்கிறோமே. மஞ்சாத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குது. எலுமிச்சை பட்டா வெளுக்குது. நீங்க படிச்சவங்க. தெரிஞ்சுதான் செய்றீங்க, மொதலாளிக்காக எழுதிக் குடுக்குறீங்கன்னு நெனச்சோம்."

அனந்தராமனை யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. முட்டாள் என்று நினைத்திருந்தால்கூடத் தேவலை. அவரைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பொய்யனுக்காக வெந்த கையை அமிலத்தில் வைத்துக்கொண்டு, அறுபது எண்ணும் வரை நின்றிருக்கிறார்கள் அந்தப் பெண்கள்.

ராஜகோபாலன் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். மஞ்சளோ குங்குமமோ, நாற்பதுக்கு நாற்பது ஆச்சா இல்லையா? வரியை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. இவ வேலையிலேயே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை."

அதைவிட அனந்தராமனை உலுக்கியது அடுத்த குரல்.

"எழுதுங்க சார்" என்றாள் மர்சலின். கைகளை உடம்பில் படாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தாள். "போச்சுன்னு எழுதுங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க. மஞ்சள் கதையெல்லாம் எழுதினா அந்த வரி அப்படியே நிக்கும். நோராவைத் தனி மணையிலேயே வச்சிருப்பாங்க. எனக்கு எரியலை சார். நெசமா எரியலை."

கண்ணீர் நிற்கவில்லை, எரியவில்லை என்று சொல்கிறாள். அனந்தராமனுக்கு இன்னது செய்வது என்று புரியவில்லை. எழுதினால் அது பொய். நாற்பது பேர் கையும் இன்னும் வேகும். எழுதாவிட்டால் இவளுக்குத் தெரு. மஞ்சள் பூசாததால்தான் இவள் சிவப்பு மட்டும் போகவில்லை, அது வெந்த சிவப்பு, நோயில்லை என்று அறிக்கையில் எழுதினால் யார் நம்புவார்கள்? மஞ்சள் பூசாத இன்னொரு கை வேண்டும். நோய் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுச் சொல்ல முடியாத கை.

சட்டையைக் கழற்றினார். பூணூல் மார்போடு போய், பெண்கள் உட்காரும் வரிசையில், மர்சலினின் மணையில் உட்கார்ந்தார். அறுவைக் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"சார், சார், இன்னா சார் இது!" என்று பொன்னுரங்கம் ஓடி வந்தான்.

"அச்சைப் பிரி" என்றார் அனந்தராமன்.

ஒரு மணி நேரம் அறுத்தார். சாக்பீஸ் பிடித்த கை. முதல் கால் மணியில் விரலெல்லாம் வழுவழுவென்றது. அரை மணியில் குறுகுறுத்தது. அதற்கப்புறம் நெருப்புக் கட்டியைத் தொட்டுத் தொட்டு வைப்பது போல இருந்தது. விரல் மூட்டுகளில் தோல் உரிந்தது. கோணல் மாணலாக நாற்பது கட்டி அறுத்திருப்பார். எழுந்து வந்து கையை அலசினார். எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார். முழங்கை வரை சிவப்பு.

"நீ எண்ணு" என்றார் மர்சலினிடம். கையைத் தொட்டிக்குள் இறக்கினார்.

மர்சலின் ஒன்று என்றாள். இரண்டு என்றாள். ஆறு என்பதற்குள் அனந்தராமன், "அம்மா!" என்று கூடமே அதிரும்படி அலறிக் கையை வெளியே இழுத்துவிட்டார். தொட்டி கவிழ்ந்தது. தரையில் குந்திக் கையை உதறினார், ஊதினார், வேட்டியில் ஒற்றினார். முப்பத்தொன்பது பெண்கள் வாரத்துக்கு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு அறுபது எண்ணும் வரை நின்ற இடம் அது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மர்சலின் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவள் கேலிக்குக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று அனந்தராமனுக்கு வெகுநாள் வரை தெரியவில்லை.

"சிவப்பு போச்சா சார்?"

அவர் கையைப் பார்த்தார். "போகலை" என்றார். "எரியறது."

எழுந்தார். பேனாவை விரலில் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டு, பதினோரு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டார். நோட்டில் நாற்பதுக்குக் கீழே நாற்பத்தொன்று என்று எழுதி, தன் பெயரை எழுதினார். பிறகு கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மர்சலினுக்கு ஒரு நோயும் இல்லை. அவ கை இந்தச் சவுக்காரத்துல வெந்திருக்கு. என் கையும் இதுலதான் வெந்தது. எனக்கும் பெருநோய்னா, முதலாளி அதையும் ஆபீஸுக்கு எழுதட்டும். காரத்தைக் குறைச்சு, நாலு வாரம் காயவிட்டு அறுக்கறவரைக்கும் நான் வேற ஒண்ணும் எழுதித் தர்றதா இல்லை. திங்கட்கிழமை நானே இந்தக் கையோட ஆபீஸுக்குப் போறேன். அங்கேருந்து நோராவோட பள்ளிக்கூடத்துக்கும் போறேன்."

ராஜகோபாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அனந்தராமனின் கையைப் பார்த்தார். சுவரோரத்தில் ஜானகியைப் போலவே ஒவ்வொருத்தியும் ஈரத்துணியால் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

ஜானகி நேரே பொன்னுரங்கத்திடம் போனாள். அவன் தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டைக் கேட்காமலே உருவினாள். அதை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் மர்சலினின் கைகளை மெல்ல ஒற்றி எடுத்தாள். பிறகு அதே துண்டை அனந்தராமனிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.